நாணல் குளமும் பாக்கெட் இல்லாத கால்சட்டையும்

தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் மழை வெளுத்து வாங்கும்போது எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் நிற்கும் கார்களும் அதைத்தான் சொல்கின்றன. ஆகவே, குளம் வற்றினால் அடியில் ஓட்டை. ஓட்டையைத் தேடு, ஒட்டுப் போடு, டீ குடி. இவ்வளவுதான் என் மொத்த அறிவு. இதை வைத்துக்கொண்டு ரவாங்கிலிருந்து கிள்ளான் வரை வீட்டுத் தோட்டங்களில் குளம் வெட்டினேன், நாணல் நட்டேன், மீன் விட்டேன், நிபுணன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

அந்த இடுப்பு இப்போது எனக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிக்கொண்டது. முழங்கால் அளவு சேற்றில் குனிந்து நிமிரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியலாம், நிமிர்வதுதான் நடக்காது என்று அவரிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஆகவே, தொழிலை உங்களிடம் விட்டுவிட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். குளம் வெட்டுகிற நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பிகளும் தங்கச்சிகளும் “அண்ணே, உங்க அனுபவத்த எழுதுங்க” என்று கேட்டீர்கள். பம்பு எவ்வளவு பெரியது வேண்டும், நாணலை எந்த ஆழத்தில் நடலாம் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று முறைக்கும்போது என்ன செய்யக்கூடாது என்பது கிடைக்காது. அந்தப் பிரிவில் என்னைவிட அனுபவசாலி இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லை.

எனக்கு வேலை பழக்கியவர் சுங்கை பூலோவில் நர்சரி வைத்திருந்த ஒரு சீனத் தௌக்கே, அதாவது முதலாளி. தன்னிடம் வேலை செய்த நம் ஆட்களிடம் பழகிய தமிழில்தான் என்னிடம் பேசுவார். பெரிய உபதேசம் எதுவும் செய்தவர் இல்லை. ஒரு தடவை நான் பதறிப்போய் யாருடைய தோட்டத்திலோ குழாயை உடைத்துவிட்டு வந்து நின்றபோது இதைத்தான் சொன்னார்:

“பயம் வந்துச்சா, ரெண்டு கையும் பாக்கெட்ல போடு லா. கை வெளிய இருந்தா அது சும்மா இருக்காது. ஏதாச்சும் பிடுங்கும்.”

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. போகிற இடமெல்லாம் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். நான் அதைக் கடைப்பிடித்தேனா என்பதுதான் இந்தக் கதை.

கிள்ளானில் குமரேசன் அண்ணன் வீடு. சொந்தமாக லோரி ஓட்டித் தொடங்கி, லோரிகளை ஓட்டவைக்கும் அளவுக்கு வளர்ந்தவர். இதய ஆப்பரேஷன் முடிந்து வீட்டோடு இருந்தார். இருந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு நிமிஷம் உட்காராமல், வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டு, போனில் டிரைவர்களைத் திட்டிக்கொண்டு இருந்தார். தினமும் சாயங்காலம் அமைதியாகக் கொஞ்ச நேரம் உட்காரவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். உட்கார்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று அவர் மனைவி சரோஜா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“பாலா, இவர உக்கார வைக்கணும். குளம் வெட்டு. மீன் விடு. சுத்தி எதாச்சும் உயரமா நடு, பக்கத்து வீட்டு ஏர்கோன் பெட்டி தெரியக் கூடாது.”

“நாணல் நடலாம்க்கா. மறைக்கும், காத்துல ஆடும், மீன் அழுக்குத் தண்ணியையும் சுத்தம் பண்ணிடும்.”

“ஆடுனாப் போதும். அத பாத்துக்கிட்டு இவர் ஆடாம இருக்கட்டும்.”

குமரேசன் அண்ணன் குறுக்கே வந்தார். “அது என் ஹைலக்ஸ் நிக்கிற எடம். வண்டி நிக்கிற எடத்துல மீன் நிப்பாட்டுறாளாம். சரி, செய். ஆனா ஒண்ணு பாலா. இந்த அறுபதாம் கல்யாணத்துக்குள்ள இந்தக் குளம் ஏதாச்சும் கோளாறு பண்ணுச்சு, சிமெண்டு லோரிக்கு ஒரு போன்தான். ஓட்றவன் நம்ம பையன். காலையில மீன், மத்தியானம் பார்க்கிங்.”

அவருக்கு அறுபது நிறைந்து, அக்கா கழுத்தில் மறுபடியும் தாலி கட்டும் நிகழ்ச்சி. வீட்டிலேயே, வாசலில் பந்தல் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

குளத்தை வெட்டி, ஓரத்தைப் புல்தரையைவிடக் கொஞ்சம் உயர்த்தி, கறுப்பு ரப்பர் விரிப்பு போட்டு, தண்ணீர் நிரப்பினேன். புல்தரை பக்கம் ஒரு படி மாதிரி விட்டு, அதில்தான் நாணல் வைப்பதாகத் திட்டம். வழக்கமாக நான் நாணலைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து இறக்குவேன். அவிழ்த்துவிட்டால் அதன் வேர்த்தண்டு குளம் முழுக்கச் சொந்தம் கொண்டாடிவிடும். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். கூடைகளை இறக்கப் போகிற நேரத்தில் அக்கா வந்து நின்றார்.

“பாலா, இது என்ன ஓரமெல்லாம் கருப்பா தெரியுது?”

“ரப்பர்க்கா. அது இல்லன்னா தண்ணி நிக்காது.”

“கல்யாண வீட்டு வாசல்ல கருப்பு பார்டர். நல்லாருக்கா? வர்றவங்க எழவு வீடுன்னு நெனச்சு மாலைய போட்டுட்டுப் போயிருவாங்க.”

“அதுவும் சரிதான்,” என்றார் அண்ணன். “என் பார்க்கிங் செத்துப்போச்சுல்ல.”

இங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. கவனியுங்கள், என் மூளை வேலை செய்த இடங்களையெல்லாம் பிற்பாடு யாராவது வந்து பழுது பார்க்கவேண்டியிருக்கும். சணல் சாக்குகளை வாங்கி, உள்ளே களிமண்ணும் கூழாங்கல்லும் நிரப்பி, அதில் நாணலை நட்டு, அந்தப் படியில் வரிசையாக உட்காரவைத்தேன். சாக்கின் நீண்ட வாயைக் குளத்தின் ஓரத்துக்கு மேலே இழுத்து, ரப்பரை மூடி, வெளியே புல்தரை வரை தொங்கவிட்டேன். கறுப்பு மறைந்தது. பழுப்பு நிறத்தில், பார்க்க இயற்கையாக, ஏதோ நாணல் தானாக முளைத்த ஆற்றங்கரை மாதிரி இருந்தது. அக்கா தலையாட்டினார். நான் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். ‘புது முறை’ என்று கீழே எழுதியது நான்தான். தேடிப் பார்த்தால் இப்போதும் கிடைக்கும், தேடாதீர்கள்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாணல் பச்சை பிடித்தது. மழை நின்று வெயில் கொளுத்திய சமயம், அண்ணனிடமிருந்து போன்.

“பாலா, ஒன் குளம் எறங்குது.”

“வெயில்ணே. ஆவியாப் போகும்.”

“ஆவியாப் போனா ஒரு விரக்கட போகும். இது தெனம் எறங்குது. நான் குச்சி நட்டு வச்சிருக்கேன்.”

போய்ப் பார்த்தேன். குளத்தின் நடுவே ஒரு மூங்கில் குச்சி. அதில் சிவப்பு மார்க்கரில் கோடு கோடாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. லோரி டீசல் அளந்து பழகிய கை. முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் என் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன்? யோசிக்கவில்லை, ஹோஸ் பைப்பைப் போட்டு நிரப்பினேன். டீ குடிக்க வருவதுபோல் காலையில் வந்து, அண்ணன் எழுந்திருக்கும் முன் நிரப்பிவிட்டு, “பாத்தீங்களா, நின்னுருச்சு” என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவரோ கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் boss, சொல்லிட்டே ஊத்தியிருக்கலாமே. நான் பைப்ப புடிச்சிருப்பேன்.”

அப்போதுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதைவிடக் கண்ணில் பட்டது, மூளைக்குப் போகவில்லை என்பதே சரி. அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் யாரையும் திட்டாமல், ஒரு கையில் மீன் தீனி டப்பாவோடு.

அவரே இன்னொன்றும் கேட்டார். “தோட்டமெல்லாம் காஞ்சு கெடக்கு. இந்த ஓரத்துப் புல்லு மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?”

“நான் போட்ட உரம்ணே,” என்றேன். அந்தப் புல்லுக்கு நான் ஒரு பிடி உரம்கூடப் போடவில்லை. நல்லது எதையாவது பார்த்தால் அது என் வேலை என்று சொல்லிவிடும் நல்ல பழக்கம் எனக்கு உண்டு. உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த ஒரு பதிலைச் சொல்லாமல், குனிந்து அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

கல்யாண வாரம் வந்தது. கூடவே தண்ணி கட் அறிவிப்பும் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சனிக்கிழமை முதல் கிள்ளானில் பல இடங்களில் குழாயில் காற்று மட்டும்தான். மேலே தொட்டியில் இருக்கிற தண்ணீர் விருந்தாளிகளுக்கும் சமையலுக்கும். இனிமேல் ஹோஸ் பைப் கிடையாது. குளம் இறங்கினால் இறங்கியதுதான்.

சனிக்கிழமை காலையில் அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். எப்போதும் ஒரு தாக்குதலோடு தொடங்குகிறவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“பாலா, அவருக்குத் தெரிய வேணாம். எனக்கு அந்தக் குச்சிய பாக்கப் பயமா இருக்கு.”

“அக்கா, வெறும் தண்ணிதானே.”

“நீ சொல்லுவ. இது அவருக்காக வெட்டுனது. அவரு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப நான் நெனச்சுக்கிட்டது. அது தெனம் எறங்குது, அபசகுனம் மாதிரி. நாளைக்குக் கல்யாணம். ஒருத்தர்ட்ட சொல்லவும் முடியல, சொன்னா அதையே பேசுவாங்க. எதாச்சும் பண்ணு.”

இதுவரை என் பயமெல்லாம் என் பெயரைப் பற்றித்தான். அக்கா அப்படிச் சொன்னதும் என் பெயரே எனக்கு மறந்துபோயிற்று. தம்பிகளே, கோபமாகப் பேசும் வீட்டுக்காரரைச் சமாளித்துவிடலாம். பயந்துபோன வீட்டுக்காரர் நம் பயத்தையும் இரட்டிப்பாக்கிவிடுவார்.

முழு ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நெஞ்சுவரை வரும், தோளில் பட்டை போட்டு மாட்டுவோமே, அது. பம்பை நிறுத்தினேன். அடியில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. அசையாத தண்ணீரில் கொஞ்சம் பால் விட்டால், ஓட்டை இருக்கிற பக்கம் அது மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். அக்காவின் மகள் கவிதா, சுபாங் ஜெயாவில் வேலை பார்க்கிற பெண், ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குளத்தின் நடுவில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாலை மெதுவாக ஊற்றினேன்.

நிமிர்ந்து பார்த்தால், வாசலில் அக்கா கைகூப்பி நிற்கிறார். அவருக்குப் பின்னால் ரவாங்கிலிருந்து வந்திருந்த அவர் தங்கை. அவரும் கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு.

“கவிதா, செருப்ப கழட்டு. அங்கிள் பூஜை பண்றாரு.”

“ம்மா, அது லீக் டெஸ்ட்.”

“வாய மூடு. கும்புட்டுக்க.”

ரவாங் அக்கா உள்ளே ஓடி, இன்னும் ஒரு சொம்புப் பாலோடு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அதையும் ஊற்றினேன். பால் எந்தப் பக்கமும் போகவில்லை. மேகம் மாதிரி அங்கேயே நின்றது. மீன்கள் வந்து முகர்ந்து பார்த்தன. என் தலையில் யாரோ ஒரு பூவைப் போட்டார்கள்.

பால் எங்கும் போகவில்லை என்றால் அடியில் ஓட்டை இல்லை என்று அர்த்தம். அறிவுள்ளவன் அங்கே நின்று, ‘சரி, அடியில் இல்லை’ என்று ஏற்றுக்கொள்வான். நானோ தண்ணீர் கீழேதான் போகும் என்று நம்புகிறவன். அடியில் இல்லை என்றால் இன்னும் அடியில் இருக்கிறது என்று முடிவு செய்தேன். நாணலின் வேர்த்தண்டு நுனி ஊசி மாதிரி இருக்கும். அது சாக்கைத் துளைத்து, ரப்பரைத் துளைத்து, பூமிக்குள் போய்விட்டது. அதைப் பார்க்கவேண்டுமானால் குளத்தைக் காலி செய்யவேண்டும். காலி செய்யவேண்டுமானால் முதலில் மீன்களை வெளியே எடுக்கவேண்டும்.

நட்டுச் சில வாரமே ஆன நாணல் அது. அதற்குள் ரப்பரைத் துளைக்க அது டிரில் மெஷின் அல்ல. இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பயத்தில் இருக்கும்போது, தெரிந்த விஷயமெல்லாம் வேறு யாருக்கோ தெரிந்த மாதிரி தூரத்தில் நிற்கும்.

மீனுக்குப் பாத்திரம் தேடினேன். பின்கட்டில், கழுவித் துடைத்து, பளபளவென்று, ஒரு ஆள் உட்காரலாம் போல ஒரு அண்டா இருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குளத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு அதில் நிரப்பி, மீன்களை ஒவ்வொன்றாக வலையில் பிடித்து விட்டேன். விட்டுவிட்டு, நல்லவேளை எனக்கு இந்த யோசனை வந்தது என்று பெருமூச்சும் விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து சத்தம். ஓடினேன். அண்டாவிலிருந்து ஒரு மீன் துள்ளி, சாம்பாருக்கு நறுக்கி வைத்திருந்த பூசணிக்காய்க் குவியலில் விழுந்து புரண்டுகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அக்கா அண்டாவைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பாலா.”

“அக்கா.”

“அது சைவ அண்டா.”

“தெரியாம…”

“நாளைக்கு அதுலதான் சாம்பார்.”

“மீன் உயிரோடதான்க்கா இருக்கு,” என்றேன். அதனால் அது சைவம் ஆகிவிடும் என்று நான் எப்படி நினைத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

“நான் கெளம்புறேன்கா,” என்றார் சமையல்காரர். “எங்க முதலாளிட்ட நீங்களே பேசிக்குங்க.”

அப்போது குமரேசன் அண்ணன் வந்தார். பூசணிக்காயில் புரண்ட மீனைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்தார். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்காவின் கையில் இருந்த தட்டு விழுந்தது. நான் மனத்துக்குள் ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் என் வாழ்நாள் முழுவதையும் பார்த்துவிட்டேன். பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆப்பரேஷன் செய்த இடம் வலிக்கிறது என்று நெஞ்சை அமுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சைவ… சைவ அண்டால…” என்றார். மேலே முடியவில்லை.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். திட்டுவார் என்று நினைத்தேன். “ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து சிரிக்கவே இல்ல மனுஷன்,” என்று தன் தங்கையிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, “ஆனா அண்டாவுக்கு நீதான் பதில் சொல்லணும்,” என்றார்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. அவமானமும் பயமும் சேர்ந்தால் மனிதன் கையில் ஏதாவது ஆயுதத்தை எடுப்பான். நான் வேனிலிருந்து பாராங் என்கிற வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். நாணலை அடியோடு வெட்டிச் சாய்த்து, சாக்குகளைத் தூக்கி எறிந்து, ரப்பரைக் கிழித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு. முதல் கொத்தைப் பிடித்துவிட்டேன்.

“கைய எடு.”

பின்னால் அண்ணன். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் சிரிக்கவில்லை.

“ஓட்டைய பாக்கணும்ணே. வெட்டாம தெரியாது.”

“வெட்டாதே.”

“நீங்கதானே சிமெண்டு போடணும்னு சொன்னீங்க.”

“அது அப்ப. இப்ப வெட்டாதே. அது காத்துல ஒரு மாதிரி சத்தம் போடும் பாலா. சாயங்காலம் உக்காந்தா அதுதான் கேக்கும். சரோஜா போன்ல பேசுறது கேக்காது. டிரைவருங்க பிரச்சின கேக்காது. நாலு மணி ஆனா கால் தன்னால இங்க வருது.” பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, “அவள்ட்ட சொல்லாத,” என்றார்.

மனைவி அவருக்குத் தெரியாமல் ஒன்றைச் சொன்னார். அவர் மனைவிக்குத் தெரியாமல் ஒன்றைச் சொல்கிறார். நடுவில் பாராங்கோடு நான். அப்போதுதான் தௌக்கே சொன்னது நினைவுக்கு வந்தது. பாராங்கைப் புல்லில் போட்டேன். இரண்டு கையையும் பாக்கெட்டில் விடப்போனேன்.

அந்த ரப்பர் கால்சட்டைக்குப் பாக்கெட் கிடையாது.

தடவித் தடவிப் பார்த்தேன். முன்னால் இல்லை, பின்னால் இல்லை. கடைசியில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவன் மாதிரி நின்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன boss, ஒடம்பு சரியில்லையா?”

“இல்லண்ணே. எங்க தௌக்கே சொன்னாரு.”

“உள்ள போய் டீ குடி. ரொம்பக் களைச்சுப்போயிருக்க.”

ரப்பர் கால்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். பொழுது சாய்கிற நேரம். சாமி அறையில் கவிதா குத்துவிளக்கு ஏற்றியிருந்தாள். டீயை வாயில் வைக்கும் முன் அக்காவின் குரல்.

“இந்தா, திரிய எவ்வளவு நீளமா வெளிய தொங்க விட்டிருக்க பாரு. எண்ணெயெல்லாம் புது டைல்ஸ்ல சொட்டுது. உள்ள இழு.”

“நான் சரியாத்தான் போட்டேன்மா.”

“சரியாப் போட்டா வெளக்கு ஏன் காலியாகுது? இழு உள்ள.”

பக்கத்தில் சும்மா நின்றவன் நான்தான் என்பதால் துணியை என் கையில் கொடுத்தார். குனிந்து, தரையில் சொட்டிய எண்ணெயைத் துடைத்தேன். விளக்கின் அகல் ஓட்டை இல்லாத வெண்கலம். அகலின் விளிம்பு எண்ணெயைவிட உயரம். இருந்தாலும் எண்ணெய் திரியில் ஏறி, விளிம்பைத் தாண்டி, வெளியே தொங்கிய நுனியில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

உடனே எனக்குப் புரிந்தது என்று எழுத ஆசைதான். உண்மை அப்படி இல்லை. நான் துடைத்தேன், டீயைக் குடித்தேன், சர்க்கரை கம்மி என்று நினைத்தேன், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். குளத்து ஓரத்துப் புல்லில், நான் போடாத உரத்தால் பச்சையாக இருந்த அந்தப் புல்லில், கால் வைத்தபோது செருப்பு சளக் என்றது. மழை பெய்து எத்தனையோ நாள். சொட்டுத் தண்ணீர் வராத ஊர். என் காலடியில் மட்டும் சதுப்பு. பார்த்தால், வரிசையாகத் தொங்கிய சாக்குகளின் வாய் எல்லாம் நனைந்து கறுத்து, ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே,” என்றேன். “அண்ணே, இங்க வாங்க.”

வந்து பார்த்தார். கையை நீட்டி ஒரு சாக்கின் நுனியைப் பிடித்தார். உள்ளங்கையில் தண்ணீர் தேங்கியது.

“இதுதானா ஒன் உரம்?” என்றார்.

அக்காவும் வந்து பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் காத்திருக்கவில்லை. “வெளக்குத் திரி மாதிரி இருக்கு,” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, அண்டாவைத் தேய்க்கச் சொல்ல உள்ளே போனார்.

மீதி உள்ளது கொஞ்சம்தான். சாக்குகளின் வாயையெல்லாம் கத்தரித்து, ரப்பருக்கு உட்பக்கமாக மடக்கினேன். மீன்களைத் திரும்ப விட்டேன். வேனை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போய், தெரிந்தவரைக் கெஞ்சி வேறொரு அண்டா கொண்டுவந்து இறக்கினேன். சமையல்காரர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துண்டைத் திரும்ப இடுப்பில் கட்டினார். கறுப்பு ஓரம் மறுபடியும் வெளியே தெரிந்தது. அக்கா அதன்மேல் மாவிலைத் தோரணத்தைச் சுற்றச் சொன்னார். மாவிலை தண்ணீரை இழுக்காது என்று நான் இரண்டு முறை யோசித்துப் பார்த்த பிறகுதான் சுற்றினேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் இஷ்டம். நாணலைக் கூடையில் வையுங்கள். சாக்கில்தான் வைப்பேன் என்றால் துணியோ சணலோ வேரோ சருகோ எதுவும் ரப்பரின் விளிம்பைத் தாண்டி வெளியே மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதற்றமாக இருக்கும்போது எதையும் வெட்டாதீர்கள். சைவ அண்டா எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளத்தில் இறங்க ரப்பர் கால்சட்டை வாங்கும்போது பாக்கெட் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது கிடைக்கிறது.

நடந்தது இதுதான். குளத்தில் ஓட்டை இல்லை, நாணல் எதையும் துளைக்கவும் இல்லை. தண்ணீர் சாக்கில் ஏறி, ஓரத்தைத் தாண்டி, புல்லில் இறங்கிப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குச்சியைப் பார்த்தேன். முந்தின சாயங்காலம் அண்ணன் போட்ட சிவப்புக் கோட்டிலேயே தண்ணீர் நின்றது. பக்கத்தில் நாற்காலி போட்டு, பட்டு வேட்டியோடு, அவர் உட்கார்ந்திருந்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று அக்கா வந்து கையைப் பிடித்து எழுப்பவேண்டியிருந்தது.